குரங்கின் சாவும் மனிதன் அறிவும்

ஊர் ஓரத்தில் ஒரு குரங்கு செத்துக் கிடந்தால் நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்பது யாவரும் அறிந்த விஷயமேயாகும். முதலில் ஒருவர் கண்டு கன்னத்தில் போட்டுக் கொள்ளுகிறார். பிறகு மஞ்சளும் குங்குமமும் வருகின்றன, மாலை வருகின்றது, பாடை கட்டப்படுகின்றது, மேளமும் வந்து சேருகின்றது. நாலு பேர் தோள் கொடுத்துத் தூக்கிப் போய்ப் புதைத்துப் பால் தெளித்துவிட்டு வருகிறார்கள். சில ஊர்களில் அந்தக் குழிமேல் ஒரு சிறு கோவிலும் எழும்பி, அதற்கு முன் ஓர் உண்டியலும் உட்கார்ந்து விடுகின்றது. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுங்கூட, "இந்தக் குரங்கு ஏன் செத்தது?" என்கின்ற ஒரு கேள்வி மாத்திரம் யார் வாயிலிருந்தும் வருவதில்லை.

இனி அதே ஊரில் ஒரு குரங்குக்குப் பதிலாகப் பத்துக் குரங்குகள் செத்து, அவற்றால்தான் மனிதருக்குக் காய்ச்சல் வருகின்றது என்று ஒரு பேச்சும் கிளம்பிவிட்டால் அப்போது நடப்பது என்ன? நேற்றுக் கன்னத்தில் போட்டுக் கொண்ட அதே கை இன்று கல்லையும் தடியையும் தேடுகின்றது. "அடித்து விரட்டு, விஷம் வைத்துக் கொல்லு" என்கிறார்கள். அப்போதும் "ஏன் செத்தது?" என்ற கேள்வி வருவதில்லை.

நேற்றுக் கும்பிட்டதும் மூடத்தனம். இன்று அடிக்கப் போவதும் மூடத்தனம் என்றே நாம் சொல்லுகிறோம். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. காரணத்தைத் தேட மனமில்லாத சோம்பேறித்தனந்தான் இவ்விரண்டையும் பெற்ற தாய். காட்டு மிருகங்களுக்குத் தொத்து நோய் கண்டால் மனிதன் செய்ய வேண்டிய முதல் காரியம் கும்பிடுவதுமல்ல, கொல்லுவதுமல்ல. காரணத்தைக் கண்டுபிடிப்பதேயாகும் என்பதுதான் இன்று நாம் சொல்ல வந்த சங்கதி.

இதை வெறும் வாய்ப்பேச்சாக நாம் சொல்லவில்லை. நமக்குப் பக்கத்து ராஜ்யத்தில் நடந்த ஒரு காரியத்தையே எடுத்துக் கொள்ளுவோம். 1957-ம் வருஷத்தில், அக்காலத்து மைசூர் ராஜ்யத்தைச் சேர்ந்த ஷிமோகா ஜில்லாவில், கியாசனூர் என்னும் காட்டில் குரங்குகள் கூட்டங் கூட்டமாகச் செத்து விழுந்தன. முகம் கறுத்த நீண்டவால் மந்திகளும் செத்தன. நம் ஊர்களில் சாதாரணமாய்க் காணப்படும் நாட்டுக் குரங்குகளும் செத்தன. அதே சமயத்தில் அந்தக் காட்டுக்குள் விறகு பொறுக்கவும், தழை வெட்டவும், மாடு மேய்க்கவும் போய்வந்த ஏழை மக்களுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. தலைவலி, உடம்பை முறித்துப் போடும்படியான வலி, சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம், இப்படியாகப் படுத்தவர்களில் பலர் எழுந்திருக்கவே இல்லை. முதலில் அதை டைபாய்டு ஜுரத்தில் ஒரு வகை என்றே நினைத்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் குரங்குகள் சாகின்ற செய்தி ஆராய்ச்சிக்காரர் காதுக்கு எட்டிற்று. தென் அமெரிக்காக் காடுகளில் மஞ்சள் காய்ச்சல் பரவும்போது குரங்குகள் செத்து விழுவது உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த நோய் இந்தியாவுக்கு வந்துவிட்டதோ என்று பயந்து, 1952-ல் பூனாவில் ஏற்படுத்தப்பட்டிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் காட்டுக்குப் போனார்கள். செத்த குரங்கை அறுத்துப் பார்த்தார்கள். நோயாளியின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். காட்டுத் தரையில் ஊர்ந்த உண்ணிகளைத் துணியை இழுத்துச் சேகரித்து அவற்றையும் பரிசோதித்தார்கள். முடிவில், இது மஞ்சள் காய்ச்சலும் அல்ல, டைபாய்டும் அல்ல, உண்ணியின் கடியால் பரவுகின்ற ஒரு புதிய வைரஸ் நோய் என்று கண்டார்கள். ருஷியாக் காடுகளில் உண்ணியால் வருகின்ற ஒரு மூளைக் காய்ச்சலுக்கு இது நெருங்கிய உறவு என்பதும் தெரிந்தது. அந்தக் காட்டின் பெயரையே நோய்க்கும் வைத்தார்கள்.

தோழர்களே! இதில் கவனிக்க வேண்டியது என்ன? மனிதர் செத்ததைக் கொண்டு மாத்திரம் இந்த நோய் கண்டுபிடிக்கப்படவில்லை. குரங்கு செத்ததை ஒருவன் ஒரு சேதியாக எடுத்துக் கொண்டு மேலிடத்துக்குச் சொன்னதால்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அன்று குரங்குகளுக்கெல்லாம் மாலை போட்டுப் புதைத்துவிட்டு, மனிதருக்கு மாத்திரம் டைபாய்டு மருந்து கொடுத்துக் கொண்டிருந்தால் இன்னும் எத்தனை வருஷம் எத்தனை பேர் காரணம் தெரியாமல் மாண்டிருப்பார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

நிற்க, இந்த நோய் நடக்கின்ற வழியைச் சற்று விவரமாய்ச் சொல்லுவது அவசியமாகும். ஏனெனில் வழி தெரிந்தவனுக்குப் பயம் பாதியாய்க் குறையும். தெரியாதவனுக்கோ பேயும் சாமியும் பெருகும். காட்டிலுள்ள உண்ணிகளிடத்திலும், எலி, மூஞ்சூறு போன்ற சிறு பிராணிகளிடத்திலும் இந்த வைரஸ் குடியிருக்கின்றது. மழைக்காலம் முடிந்து காடு காய ஆரம்பிக்கும்போது, கண்ணுக்குச் சரியாய்த் தெரியாத இளம் உண்ணிகள் சருகுகளில் ஏராளமாய் ஏறி, போகிற வருகிற பிராணிக்காகக் காத்திருக்கின்றன. குரங்கு வந்தால் குரங்கைக் கடிக்கும். மனிதன் வந்தால் மனிதனைக் கடிக்கும். அதற்கு இரண்டும் ரத்தந்தான். கடியுண்ட குரங்கு நோய் கண்டு செத்து விழுந்ததும், அதன் உடம்பு குளிர்ந்து போகவே, அதன்மேல் ஒட்டிக் கொண்டிருந்த உண்ணிகளெல்லாம் இறங்கிச் சுற்றிலுமுள்ள சருகில் பரவி, அடுத்த பிராணிக்காக உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே செத்த குரங்கு கிடக்கின்ற இடந்தான் அந்தக் காட்டிலேயே மிகவும் அபாயமான இடமாகும்.

இப்போது அந்தப் பாடையைச் சற்று நினைத்துப் பாருங்கள். நோயால் செத்த குரங்கைத் தொட்டுக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு, தோளில் சுமந்து போகிறவன் எதைச் சுமந்து போகிறான்? புண்ணியத்தையா? அல்லது உண்ணியையா? குழந்தைகளையும் கூட்டி வந்து சுற்றி நிற்க வைத்துக் கும்பிடச் சொல்லுகிறவர்கள் எதன் மத்தியில் நிற்க வைக்கிறார்கள்? குரங்கைத் தெய்வம் என்பவர்களிடம் அது தெய்வமா அல்லவா என்று வாதாட நாம் இங்கே வரவில்லை. தெய்வமேயானாலும் உண்ணி கடித்தால் சாகின்றது என்பது பிரத்தியக்ஷம். அதைத் தூக்கின மனிதனும் சாகக் கூடும் என்பதும் பிரத்தியக்ஷம். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

இனி, "குரங்கை ஒழித்தால் நோய் ஒழியும்" என்கின்ற இரண்டாவது கூட்டத்தாரைப் பற்றி. கன்னட நாட்டில் இந்த நோய்க்கு ஜனங்கள் வைத்த பெயரே 'மங்கன காயிலே', அதாவது குரங்கு நோய் என்பதாகும். பெயரே குற்றவாளியைக் காட்டிவிட்டது போல் ஆகிவிட்டது. உண்மையில் குரங்கு இதில் குற்றவாளியல்ல. நம்மோடு சேர்ந்து படுத்த மற்றொரு நோயாளி. நமக்கு முன்னே செத்து, "இந்தப் பக்கம் வராதே" என்று நமக்குச் சொல்லாமல் சொல்லுகின்ற காவல்காரன் என்றுகூடச் சொல்லலாம். வீட்டில் திருடன் நுழைந்தபோது குரைத்த நாயை அடித்துக் கொன்றுவிட்டு, இனித் திருட்டுப் பயமில்லை என்று படுத்துக் கொள்ளுகிறவனை நாம் என்னவென்று சொல்லுவோம்?

இந்தப் புத்தி நம் நாட்டாருக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. 2016-ம் வருஷக் கடைசியிலிருந்து 2018 வரையில் பிரேஸில் தேசத்தில் மஞ்சள் காய்ச்சல் பரவினபோது, அங்குள்ள ஜனங்கள் பல இடங்களில் குரங்குகளைத் தடியால் அடித்தும் விஷம் வைத்தும் கொன்றார்கள். அந்நோயைப் பரப்புவது காட்டுக் கொசு. குரங்கு அதற்குப் பலியாகிற பிராணி. குரங்கு எங்கே சாகின்றது என்று பார்த்துத்தான் எந்த ஊருக்கு முதலில் தடுப்பு ஊசி கொண்டு போவது என்று அங்குள்ள சுகாதார அதிகாரிகள் தீர்மானித்து வந்தார்கள். ஆகவே குரங்கை அடித்தவர்கள் கொசுவுக்கு யாதொரு நஷ்டத்தையும் செய்யவில்லை; தங்களுக்கு எச்சரிக்கை செய்த மணியைத் தாங்களே உடைத்துக் கொண்டார்கள்.

ஐரோப்பாவின் சங்கதி இதைவிட வேடிக்கையானது. அங்கே நரிகளுக்கு வெறிநோய் கண்டு தேசம் விட்டுத் தேசம் பரவி வந்தபோது, துப்பாக்கியாலும், விஷத்தாலும், வளைக்குள் விஷப்புகை விட்டும் பல வருஷம் நரிகளைக் கொன்று பார்த்தார்கள். நோய் நிற்கவில்லை. ஒரு நரியின் இடம் காலியானால் வேறொரு நரி அங்கே குடியேறிற்று. மிஞ்சின நரிகள் அதிகமாய்க் குட்டி போட்டன. பிறகு சிலர் புத்தியைத் திருப்பினார்கள். 1978-ல் ஸ்விட்சர்லாந்து தேசத்தில் கோழித் தலைகளுக்குள் வெறிநோய்த் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டில் போட்டார்கள். நரிகள் அதைத் தின்று நோய்க்குத் தப்பின. அந்த வழியிலேயே தொடர்ந்து வேலை செய்து 1999-ல் அந்தத் தேசம் நரி வெறிநோயிலிருந்து விடுபட்டதாக அறிவித்துக் கொண்டது. தோட்டா செய்யாத வேலையைக் கோழித் தலை செய்தது. ஏன்? தோட்டாவுக்குப் பின்னால் கோபம் இருந்தது. கோழித் தலைக்குப் பின்னால் யோசனை இருந்தது.

"காட்டிலே மிருகம் சாவது இயற்கை, அதில் மனிதன் ஏன் தலையிட வேண்டும்?" என்று கேட்கின்ற பெரியவர்களும் உண்டு. அந்த நோய் காட்டுக்குள் எப்படிப் போயிற்று என்பதை அவர்கள் முதலில் விசாரிக்கட்டும். 1890-களில் ஆப்பிரிக்காக் கண்டத்தில் மாட்டு வெக்கை நோய் புகுந்து, மாடுகளோடு காட்டெருமைகளையும் மான்களையும் வாரிக் கொண்டு போயிற்று. அதைக் காட்டுக்குள் கொண்டு போனது மனிதன் ஓட்டிப் போன மாடு. பிற்காலத்தில் மனிதன் தன் மாடுகளுக்கு ஊசி போட்டான். காட்டு மிருகத்தை யாரும் தொடவே இல்லை. ஆனாலும் செரெங்கெட்டிக் காட்டில், வில்டபீஸ்ட் என்கிற மாடுபோன்ற மான்கள் 1960-களின் ஆரம்பத்தில் சுமார் இரண்டரை லக்ஷம் இருந்தவை, 1970-களின் முடிவுக்குள் 10 லக்ஷத்துக்கு மேல் பெருகிவிட்டன. 2011-ம் வருஷத்தில் வெக்கை நோய் உலகத்தை விட்டே ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. பெரிய அம்மைக்கு அடுத்தபடி மனிதன் அடியோடு ஒழித்த நோய் இது ஒன்றேயாகும். அம்மைக்கு வேப்பிலையும் கூழும், வெக்கைக்குக் கிடா வெட்டும் நேர்த்திக் கடனும் எத்தனை நூறு வருஷம் நடந்தன? ஒழித்தது எது என்பதை உண்மையை ஒப்புக் கொள்ளுகிறவர்கள் சொல்லட்டும்.

கியாசனூர் நோயிலும் மனிதன் கை இல்லாமல் இல்லை. போஷெல் என்னும் ஆராய்ச்சியாளர் 1969-லேயே இதை விளக்கி எழுதினார். காட்டை வெட்டித் திருத்தி, அதன் ஓரத்தில் குடியேறி, மாடுகளைக் காட்டுக்குள் மேய விட்டதால், முதிர்ந்த உண்ணிகளுக்கு மாட்டு ரத்தம் தாராளமாய்க் கிடைத்து அவை பெருகின என்பதே அவர் கண்ட விஷயம். 1982-83-ல் தென் கன்னட ஜில்லா பெல்தங்கடிப் பக்கத்தில், முந்திரித் தோட்டத்துக்காகக் காட்டை வெட்டின இடத்தில் இந்நோய் பெரிதாய்க் கிளம்பிற்று. காட்டை வெட்டி லாபம் கண்டவர் ஒருவர்; காய்ச்சலில் படுத்தவர் வேறொருவர்.

நமக்கு மிகவும் வருத்தத்தைக் கொடுப்பது இந்த இடமேயாகும். இந்த நோய் யாரைத் தேடி வருகின்றது? பட்டணத்து மாளிகையில் இருப்பவரையா? பாக்குத் தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். தோட்டத்துக்குத் தழையும் சருகும் கொண்டு வரக் காட்டுக்குள் போகிறவன் கூலிக்காரன். அடுப்புக்கு விறகு தேடிப் போகிறவள் கூலிக்காரன் மனைவி. தேனெடுக்கப் போகிறவன் ஆதிவாசி. 2012-ம் வருஷக் கடைசியில் பந்திப்பூர்ப் புலிக் காட்டில் குரங்குகள் செத்தபோது, அப்பிணங்களைக் கையாண்டு எரித்த வேலையாட்களுக்கே இந்நோய் கண்டது. தொடக் கூடாத பிணத்தைத் தொட வேண்டிய வேலை யார் தலையில் விழுந்தது பார்த்தீர்களா? ஊரில் செத்த மாட்டைத் தூக்குவது யார் என்று கேட்டால் என்ன பதிலோ, காட்டில் செத்த குரங்கை எரிப்பது யார் என்று கேட்டாலும் ஏறக்குறைய அதே பதில்தான்.

பந்திப்பூருக்கும் நம் நீலகிரிக்கும் நடுவில் சுவர் ஒன்றும் இல்லை. அதே 2012-13 பருவத்தில் நீலகிரிப் பக்கத்துக் குரங்குகளிடத்திலும் இந்த வைரஸ் காணப்பட்டது. 2015-ல் வயநாட்டில் நூறு பேருக்கு மேல் நோய் கண்டு, அவர்களில் சிலர் மாண்டார்கள். குரங்குக்கும் உண்ணிக்கும் ராஜ்ய எல்லை தெரியாது. ஆனால் நமது சர்க்கார் இலாகாக்களுக்கு மாத்திரம் எல்லை நன்றாய்த் தெரியும். செத்தது காட்டு மிருகமானால் வன இலாகாவின் சங்கதி. நோய் என்றால் கால்நடை வைத்தியரின் சங்கதி. மனிதனுக்குக் காய்ச்சல் வந்தால் சுகாதார இலாகாவின் சங்கதி. ஒரு கிராமத்தான் போய்ச் சொன்னால் மூன்று வாசற்படி ஏறி இறங்க வேண்டியிருக்கின்றது. இப்பொழுது படித்தவர்கள் 'ஒரே ஆரோக்கியம்' என்று பெயர் வைத்து, மனிதன், மிருகம், காடு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்று பேசி வருகிறார்கள். பேச்சு சந்தோஷிக்கத் தக்கதே. ஆனால் அது மகாநாட்டு மேடையிலிருந்து கிராமத்து வாசலுக்கு வந்து சேர வேண்டும்.

மற்றொன்றும் சொல்லி விடுகிறோம். இந்நோய்க்குத் தடுப்பு ஊசி ஒன்று 1990 முதல் கன்னட நாட்டில் போடப்பட்டு வந்தது. பிறகு அதன் பலனைக் கணக்கெடுத்துப் பார்த்ததில் நினைத்த அளவுக்கு இல்லையென்று தெரிந்தது. அது கைவிடப்பட்டு, புது ஊசிக்கு முயற்சி நடந்து வருகின்றது. "பார்த்தீர்களா, உங்கள் விஞ்ஞானமும் பொய்த்தது!" என்று வைதீகர்கள் கை கொட்டலாம். நாம் அதற்கு வெட்கப்படவில்லை. தான் செய்தது போதவில்லை என்று தானே கணக்கெடுத்து, தானே ஒப்புக் கொண்டு, தானே மாற்றிக் கொள்ளுவதுதான் அறிவின் யோக்கியதை. மழை வராத யாகத்தையும், நோய் தீராத நேர்த்தியையும் என்றைக்காவது கணக்கெடுத்து நிறுத்தினதுண்டா என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். மருந்தானாலும் மந்திரத்தைப் போல் நம்பக் கூடாது. பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

ஆகவே, காட்டோரத்து ஊர்களிலுள்ள தோழர்களுக்கு நாம் சொல்லுவதாவது:

முதலாவது, குரங்கோ வேறெந்தக் காட்டு மிருகமோ காரணம் தெரியாமல் செத்துக் கிடந்தால் அதைத் தொடாதீர்கள், கிட்டே போகாதீர்கள், பிள்ளைகளையும் நாய்களையும் விடாதீர்கள். மாலையும் வேண்டாம், பாடையும் வேண்டாம். அன்றைக்கே வனக் காவலருக்கோ, கால்நடை டாக்டருக்கோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தகவல் கொடுங்கள். எங்கே, என்றைக்கு, எத்தனை என்பதைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, உயிரோடிருக்கிற மிருகத்தைப் பயத்தால் கொல்லாதீர்கள். நோயை அது உண்டாக்கவில்லை; அதனிடத்தில் நாம் நோயைக் காண்கிறோம், அவ்வளவே.

மூன்றாவது, காடு காய்ந்திருக்கிற மாதங்களில் உள்ளே போக வேண்டி வந்தால், கைகால் மூடின துணி உடுத்தி, சுகாதார நிலையத்தில் கொடுக்கும் உண்ணி விரட்டும் எண்ணெயைத் தடவிக் கொண்டு போங்கள். சருகின்மேல் உட்காராதீர்கள். திரும்பி வந்தவுடன் வெந்நீரில் குளித்து, உடம்பில் உண்ணி இருக்கின்றதா என்று பாருங்கள். கட்டின துணியை வெந்நீரில் போடுங்கள்.

நான்காவது, காட்டுக்குப் போய் வந்தவனுக்குக் கடுங்காய்ச்சல் கண்டால் விபூதிக்கும் மந்திரிப்புக்கும் நாள் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். "காட்டுக்குப் போயிருந்தான்" என்பதை டாக்டரிடம் மறவாமல் சொல்லுங்கள். இதைக் கண்டிக்கிற தனி மருந்து இல்லையானாலும், காலத்தில் கவனித்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். நோய் கண்டவரில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் சாகிறார்கள். இது மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தொத்துவதில்லை. ஆகையால் நோயாளியை ஒதுக்கி வைப்பதும் கூடாது.

சர்க்காரைக் கேட்பதும் இரண்டொன்று உண்டு. செத்த மிருகத்தை எடுக்கப் போகிற ஆளுக்குக் கையுறையும், தக்க உடுப்பும், எடுக்கும் முறையைச் சொல்லிக் கொடுக்கிற படிப்பும், அவனுக்கு ஏதேனும் நேர்ந்தால் அவன் குடும்பத்துக்கு ஜீவனத்துக்கும் வழி செய்தாக வேண்டும். வெறுங்கையோடு கூலியாளை அனுப்புகிற உத்தியோகஸ்தர், தாமே ஒருநாள் வெறுங்கையால் எடுத்துக் காட்டட்டும். மேலும், கிராமத்தான் கொடுத்த தகவலின் மேல் நடந்த பரிசோதனையின் முடிவை அந்தக் கிராமத்தானுக்கே, அவன் பாஷையிலேயே, வந்து சொல்ல வேண்டும். சொன்ன சேதிக்குப் பதில் வராவிட்டால் அடுத்த தடவை அவன் சொல்ல மாட்டான். மாலை வாங்கத்தான் போவான். அந்தக் குற்றம் அவனைச் சேர்ந்ததல்ல.

குரங்கு பேசாது. அது செத்து விழுந்துதான் சேதி சொல்லுகின்றது. அந்தச் சேதியை மாலையால் மூடுகிறவனும், கல்லால் நசுக்குகிறவனும் ஒன்றே. அதைக் குனிந்து படித்து, "ஏன்?" என்று கேட்கிறவனே மனிதன். அந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கற்றுக் கொண்டால் காட்டிலே குரங்கும் பிழைக்கும். காட்டுக்குப் போகிற கூலிக்காரனும் வீடு வந்து சேருவான்.